மிச்ச விறகு

இல்ல தம்பி, இறக்காதீங்க. ஒரு நிமிஷம் அது வண்டியிலயே இருக்கட்டும். குறை சொல்ல வரல, நான் பார்க் ஆளும் இல்ல. அதோ பச்சைக் கோடு போட்ட டிரெய்லர் தெரியுதே, பதினேழாம் நம்பர் இடம், அது எங்களோடது. என் பேரு மார்லிஸ். நீங்க டிரெய்லரைப் பின்னால எடுக்கறப்போ பார்த்துட்டுதான் இருந்தேன். உங்க வீட்டம்மா இடதுன்னு கை காட்டினா நீங்க வலது பக்கம் திருப்புறீங்க. பரவாயில்ல, இந்த ஏரிக்கரைக்கு கேம்ப் போட முதல் நாள் வர்றவங்க எல்லாரும் சண்டை போட்டுக்கிட்டேதான் வண்டியை நிறுத்துவாங்க. சாயங்காலம் தண்ணியில காலை நனைச்சா சரியாயிடும்.

வீட்லேருந்து கொண்டாந்ததா விறகு? ம். தார்ப்பாயைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. பார்க் வாசல்ல விக்கறாங்களே, அங்க காசு கொடுத்து வாங்கினதை யாரும் இவ்வளவு அழகா மூடிக் கட்ட மாட்டாங்க. எங்கேருந்து வர்றீங்க? டொலீடோவா. நாங்களும் அந்தப் பக்கம்தான், நாப்பது மைல் வடக்க.

ஆமா, போர்டு இருந்தது. ஹைவேயில ரெண்டு, உள்ள வர்ற வழியில ஒண்ணு. விறகைக் கொண்டுவராதீங்கன்னு. அதெல்லாம் லாரி லாரியா மரம் ஏத்திட்டுப் போறவனுக்குன்னு நினைச்சுட்டீங்க. தப்பில்ல, அப்படித்தான் தோணும். நல்லாக் காஞ்ச கட்டை, நம்ம கையால பொளந்தது, இதுல என்ன வந்துடப்போகுதுன்னு.

ஒரு கட்டையை எடுங்க. அது இல்ல, பட்டையோட இருக்கறது. இங்க பாருங்க, சின்னதா, பாதி நிலா மாதிரி ஒரு ஓட்டை. தெரியுதா? கண்ணாடி போட்டாதான் எனக்கே தெரியும். இது ஆஷ் மரம். இந்த ஓட்டை வழியா ஒரு பச்சை வண்டு வெளிய போயிருக்கு. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அது போயிடுச்சு சரி, உள்ள இன்னும் எத்தனை புழுவா கிடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? குளிர்காலம் முழுக்கப் பட்டைக்குள்ள தூங்கும். அடுத்த வருஷம் வெளிய வந்து பக்கத்துல எந்த ஆஷ் நிக்குதோ அதுல ஏறும். நாலஞ்சு வருஷத்துல மரம் நின்ன இடத்துலயே செத்துரும்.

உங்க பிள்ளைங்க ஏறிக் குதிக்குதுங்களே, வெட்டின அந்த அடிக்கட்டை, அதுவும் ஆஷ்தான். அங்க ஒண்ணு, தண்ணிக் குழாய்கிட்ட மூணு. முன்னாடியெல்லாம் இந்த இடத்துலேருந்து ஏரி தெரியாது தம்பி. அவ்வளவு நெருக்கமா இருக்கும். தண்ணியைத் தேடி நாய்தான் முதல்ல போகும், அது பின்னால நாம. இப்ப உக்காந்த இடத்துலேருந்தே தெரியுது. வெயிலும் நேரா மண்டையில அடிக்குது.

எப்படி வந்ததுன்னா, யாரோ தெற்கேருந்து ஒரு லோடு கொண்டாந்தாங்க. ஒம்பது வருஷம் ஆச்சு. வீட்டுக்குப் பின்னால பட்டுப்போன மரம், வெட்டிப் போட்டாச்சு, வீணாப் போகுதேன்னு ஏத்திட்டு வந்துட்டாங்க. நல்ல மனசோடதான். சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தாங்க. கிளம்பறப்போ மிச்ச விறகை அடுத்து வர்றவங்களுக்கு விட்டுட்டுப் போறது இங்க வழக்கம். வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போனா கஞ்சன்னு நினைப்பாங்க. அதனால மிச்சத்தைப் பதினெட்டாம் நம்பர்ல, பெரிய ஆஷ் மரத்து மேல சாய்ச்சு, மழை படாம அடுக்கிட்டுப் போனாங்க. குளிர்காலம் முழுக்க அங்கயே கிடந்தது.

பதினெட்டு வெண்டலோட இடம். வெண்டலும் அவர் சம்சாரம் ஜாய்ஸும் இருபது வருஷமா அதே இடத்துக்குத்தான் வந்தாங்க. அவர் இந்த வருஷமும் வந்திருக்காரு, நாயைக் கூட்டிக்கிட்டு.

ஜாய்ஸா? அது நாலு வருஷத்துக்கு முன்னாடி. காத்தே கிடையாது அன்னிக்கு. மத்தியானம், மணி ஒண்ணு இருக்கும். நாற்காலி போட்டு உக்காந்து மக்காச்சோளம் உரிச்சுக்கிட்டு இருந்தா. எங்களுக்கும் சேர்த்துதான் உரிச்சா, அன்னிக்கு ராத்திரி சாப்பாடு ஒண்ணா. செத்த ஆஷ் சொல்லிட்டு விழாது தம்பி. உள்ள பொடிப்பொடியா இருக்கும், வெளிய மரம் மாதிரி நிக்கும். மேலேருந்து ஒரு கிளை, நேரா அவ மேல, அவ்வளவுதான். நாற்காலிக்கு அடியில படுத்திருந்த நாய்க்கு ஒரு கீறல் இல்ல. ஆனா இன்னிய வரைக்கும் அது மர நிழல்ல படுக்காது. வெயில்லதான் கிடக்கும்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்த்துட்டு என்ன பண்ணேன் தெரியுமா? திரும்பி வந்து அடுப்பை அணைச்சேன். உருளைக்கிழங்கு வேகப் போட்டிருந்தேன், தீயக்கூடாதுன்னு. அப்புறமும் அழுகை வரல. அவளை அடக்கம் பண்றப்பவும் வரல. இப்ப உங்ககிட்ட சொல்றேன், ஒண்ணும் ஆகல பாருங்க. கை மரத்துப்போனா கிள்ளிப் பார்ப்போமே, அது மாதிரி அப்பப்போ யாருகிட்டயாவது சொல்லிப் பார்க்கறேன்.

எங்க வீட்டுக்காரரா? ஆரின் இப்பல்லாம் வர்றதில்ல. முழங்கால் வலின்னு சொல்வாரு. வீட்ல மாடிப்படி நல்லாத்தான் ஏறுறாரு.

வெண்டலுக்குக் கோவமெல்லாம் இல்ல. போன வருஷம் அவரே சொன்னாரு, மார்லிஸ், கொண்டாந்த ஆளு யாருன்னு தெரிஞ்சாப் போதும், மன்னிச்சுட்டு நிம்மதியாப் படுப்பேன், யாருன்னே தெரியாம யாரைப் போய் மன்னிக்கிறதுன்னு. நான் காபி ஊத்திக் கொடுத்தேன்.

சரி, அதை விடுங்க. இந்தக் கட்டு நான் பார்க் வாசல்ல வாங்கி வெச்சது, முத்திரை குத்தினது, பூச்சி இருக்காது. உங்களுக்குத்தான், வெச்சுக்குங்க. வருஷா வருஷம் ஒண்ணு ரெண்டு வாங்கி வெச்சிருப்பேன். புதுசா வண்டி வந்தா பின்னாடி தார்ப்பாய் இருக்கான்னு பார்த்துட்டே இருப்பேன். உங்களோடதை ராத்திரி வரைக்கும் வெக்க வேண்டாம், இப்பவே எரிச்சுடுவோம். பட்டை, தூளு, வண்டியில ஒட்டியிருக்கறது, ஒண்ணு விடாம. நானும் உக்காந்து போடறேன். மிச்சம் மட்டும் வெச்சுட்டுப் போயிடாதீங்க.

அந்தப் பழைய லோடு பத்தி இவ்வளவு எப்படித் தெரியும்னா? அடுக்கினது நான்தானே. அடுக்கறப்போ அந்த ஓட்டையெல்லாம் பார்த்தேன். அழகா இருக்கேன்னு ஆரின்கிட்ட காட்டக்கூட செஞ்சேன். இவ்வளவு நல்ல விறகு எங்க கிடைச்சுதுன்னு ஜாய்ஸ் கேட்டா. கொண்டுவரக்கூடாதுன்னு போர்டு இருக்கே, எதுக்கு வம்புன்னு, வாசல்ல வாங்கினோம்னேன். பின்னால பார்க் ஆளுங்க ஒவ்வொரு இடமா விசாரிச்சுக்கிட்டு வந்தப்போ வெண்டல்தான் முந்திக்கிட்டுச் சொன்னாரு, இவங்க வாசல்லதான் வாங்கினாங்க, எனக்குத் தெரியும்னு.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க ஞாயித்துக்கிழமை போயிடுவீங்க.

அதோ வர்றாரு பாருங்க, நாயோட. புதுசா வர்றவங்களை எல்லாம் வந்து பார்த்துடுவாரு. கை கொடுப்பாரு, பிள்ளைங்க பேரைக் கேப்பாரு, அப்புறம் விறகு எங்க வாங்கினீங்கன்னு கேப்பாரு. வாசல்லன்னு சொல்லிடுங்க தம்பி. சொன்னா அப்படியே நம்பிடுவாரு.