தேவதானம் விக்னேஷ்வரனின் துப்பாக்கியில் இரண்டாவது தோட்டா வெடித்தது பற்றி

பெயர்: ஜேசுதாசன். தகப்பனார் பெயர்: மரியசூசை (காலமாகிவிட்டார்). வயது: 67. தொழில்: அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர், தேசிய மாணவர் படை அலுவலர் (ஓய்வு). முகவரி: மதுரை சாலை, ஸ்ரீவில்லிபுத்தூர்.

நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவி அன்னாளுடன் குடியிருந்து வருகிறேன். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஞாயிறுதோறும் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் விக்னேஷ்வரன் தேவதானத்தில் தென்னையும் நெல்லும் போட்டிருக்கும் விவசாயி. காயம்பட்ட ராம்கி அவருடைய தங்கை பாண்டீஸ்வரியின் கணவர். இவர்கள் யாரும் எனக்கு உறவு இல்லை. முன்விரோதமும் இல்லை.

விக்னேஷ்வரனின் அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி யானை, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதற்காக அந்தக் காலத்தில் செய்யப்பட்டது. வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகு அது அவர்கள் வீட்டுச் சாமி அறையில் இருந்து, ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம் பூசப்பட்டு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அப்பா இறந்த பின் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்ற பயிற்சிச் சான்று தேவைப்பட்டதால் என்னிடம் வந்தார். சான்று கிடைக்காவிட்டால் துப்பாக்கியை ராம்கி தன் பெயருக்குக் கேட்பதாக இருந்தார். அதில் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

முதல் முறை சுட்டபோது உதை தாங்காமல் விக்னேஷ்வரன் மல்லாந்து விழுந்தார். அதை ராம்கி செல்போனில் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதன் பிறகு நான் விக்னேஷ்வரனுக்கு வெற்றுத் தோட்டாவை வைத்துப் பல நாள் பழக்கம் கொடுத்தேன். பேருந்து கிளம்பும்போது முதுகு இருக்கையோடு ஒட்டியிருந்தால் இருக்கை நம்மைத் தள்ளும், இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தால் அதே இருக்கை நம்மை இடிக்கும், தோளும் அப்படித்தான் என்று சொல்லி, துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள்குழிக்குள் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். உதைக்குப் பயப்படுகிறவர் துப்பாக்கியைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடிப்பார், தள்ளிப் பிடிப்பவருக்குத்தான் அதிகமாக அடிபடும் என்பதையும் சொல்லியிருந்தேன்.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, விக்னேஷ்வரன் சான்றுக்காக உண்மைத் தோட்டாவைச் சுட்டுக் காட்ட வேண்டிய நாள். அன்று ஆராதனை முடிந்து நான் மைதானத்துக்குப் போனபோது மூன்று பேரும் வந்திருந்தார்கள். ராம்கி, “மச்சான், போன தடவ மாதிரி மல்லாக்க விழுந்துறாதீரும். பின்னால பாய் விரிச்சு வைக்கச் சொல்லவா?” என்றார். பாண்டீஸ்வரி, “செத்த நேரம் சும்மா இருங்களேன்” என்று கணவரைக் கடிந்துகொண்டார். விக்னேஷ்வரன், “இன்னொரு வார்த்த பேசுன, அடுத்த தோட்டா ஒனக்குத்தான் மாப்ள” என்றார். அப்போது மூன்று பேருமே சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் அந்த வார்த்தையை அவர் சொன்னது உண்மை.

அதன் பிறகு மற்ற இருவரையும் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, விக்னேஷ்வரனிடம் ஒரே ஒரு தோட்டாவைக் கொடுத்தேன். அவர் அதை வலது குழலில் போட்டதைப் பார்த்தேன். அதன் பிறகு கயிற்றுப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். இருவரும் அங்கேதான் நின்றார்கள். நான் முகத்தைத் திருப்புவதற்குள் துப்பாக்கி மூடும் சத்தம் கேட்டது. இடது குழலிலும் ஒரு தோட்டா போட்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அவர் துப்பாக்கியைத் தூக்கினார். பின்கட்டை தோள்குழியில் உட்காராமல் கைப்பக்கம் விலகி இருந்தது. அதைச் சரிசெய்ய என் கையைக் கொண்டுபோனேன். அவர் தோளைச் சட்டென்று ஒதுக்கிக்கொண்டு, “சரியாத்தான் இருக்கு சார், தொடாதீக” என்றார். அதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. துப்பாக்கியை இறக்கினார், வேர்வையைத் துடைத்தார், மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். என் கண் அவருடைய தோளிலேயே இருந்தது. அந்த நேரத்துக்குள் ராம்கி மைதான ஓரத்தில் உள்ள தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்புறமாகப் போய், குறி வைத்திருந்த மண்மேட்டுக்கு வலப்பக்கம் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல், முன்னாலிருந்து படம் பிடிப்பதற்காக ஏறியிருக்கிறார். அதை நான் கவனிக்கவில்லை. மைதானத்துக்குப் பொறுப்பானவன் நான் என்பதால் அது என் பிழை.

அதன் பிறகு வெடித்தது. சத்தம் ஒன்று போலத்தான் கேட்டது, ஆனால் நீளமாக இருந்தது. துப்பாக்கி அவர் கையை விட்டு மேலேயும் வலப்பக்கமாகவும் துள்ளிக் கீழே விழுந்தது. அவர் விழவில்லை. தொட்டியின் மேலிருந்து ராம்கி, “அய்யோ, சுட்டுட்டான்” என்று அலறினார். குண்டு அவர் மேல் படவில்லை, தொட்டியின் விளிம்பை உடைத்திருந்தது. கான்கிரீட் சில்லுகள் அவர் தொடையிலும் முழங்காலிலும் ஏறியிருந்தன, அங்கிருந்து கீழேயும் விழுந்திருந்தார். அவரிடம் முதலில் ஓடிப் போனது விக்னேஷ்வரன்தான். வலது கை தூக்க வராமல் இடது கையால் அவரை அணைத்துத் தூக்கினார். ராம்கி அந்தக் கையைத் தட்டிவிட்டார். நான் துப்பாக்கியைத் திறந்து பார்த்தபோது இரண்டு குழலிலும் தோட்டா வெடித்திருந்தது.

அதன் பிறகு ராம்கியைக் காரில் ராஜபாளையம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே மரத்தடியில் வைத்து விக்னேஷ்வரனிடம், “இரண்டாவது தோட்டா எங்கிருந்து வந்தது தம்பி?” என்று கேட்டேன். “அப்பா ஒத்தையாப் போட மாட்டாரு சார். எப்பவும் சோடியாத்தான் போடுவாரு. முக்கியமான நாளு, ஒத்தையா வேண்டாம்னு ஒண்ண பையில கொண்டு வந்தேன்” என்றார். அவர் அப்பாவுக்கு அந்த வழக்கம் உண்டு என்று பாண்டீஸ்வரியும் பிறகு தனியாக என்னிடம் சொன்னார்.

விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையம் இடித்ததில் அவருடைய வலது கையின் நடுவிரல் தோல் உரிந்து வீங்கியிருந்தது. தோளையும் பார்க்க வேண்டும் என்று நான் அவருடைய சட்டைப் பித்தானைக் கழற்றினேன். அவர் தடுத்தார், ஆனால் வலியில் முடியவில்லை. உள்ளேயிருந்து ஊக்கு கழன்று ஒரு திண்டு விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, பஞ்சு வைத்து, பேண்டேஜ் துணியை மடித்து மடித்துத் தைத்து, பனியனில் தோள்குழிக்கு நேராக ஊக்கால் குத்தியிருந்தார். தோள்குழியில் காயமே இல்லை. அதற்கு வெளியே மேற்கையில், பின்கட்டையின் வடிவத்திலேயே கறுத்துக் கன்றியிருந்தது.

விழுந்த திண்டை அவர் காலால் மறைத்துக்கொண்டு, “சார், இத மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீக” என்றார். நான், “இதைச் சொன்னால்தானே தம்பி நீங்கள் வேண்டுமென்று சுடவில்லை என்பது தெரியும்?” என்றேன். “செயிலுக்கு வேணும்னாலும் போறேன் சார். பஞ்சு வச்சுச் சுட்டேன்னு அவன் காதுல விழக் கூடாது” என்றார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. திண்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரி என்னிடம் வந்தார். அவர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர். “நாந்தான் சார் தச்சுக் குடுத்தேன். போன தடவ சுட்டப்ப அண்ணன் தோளு அம்புட்டு வீங்கியிருந்துச்சு. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சா சிரிச்சே கொன்னுருவாக” என்றார். பிறகு, “நான் தச்சதுனாலயா சார் இப்பிடி ஆச்சு?” என்று கேட்டார். நான் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

இரண்டு முறை சுட்டதால் இரண்டாவது வேண்டுமென்று சுட்டது என்று காவல்துறையினர் கருதுவதாக அறிகிறேன். இந்தத் துப்பாக்கியில் விசைகள் இரண்டு, ஒன்றின் பின் ஒன்றாக இருக்கின்றன. முன்விசை வலக் குழலுக்கு, பின்விசை இடக் குழலுக்கு. பின்கட்டை தோளில் பதிந்திருந்தால் ஆளும் துப்பாக்கியும் சேர்ந்து நகர்வதால் பிடி நழுவாது. திண்டு தோள்குழியை அடைத்துக்கொண்டு கட்டை பதியாமல் இருந்தால் துப்பாக்கி தனியாகப் பாய்ந்து, உடம்பில் மோதி, முன்னால் துள்ளும். முன்விசையிலிருந்து வழுக்கிய விரலில் பின்விசை வந்து மாட்டும். ஓடும் பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால், நிற்பவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அவர் யோசித்தா பிடிக்கிறார்? விரலும் அப்படித்தான் இறுகும். வலக் குழல் வெடித்தால் துப்பாக்கி மேலேயும் வலப்பக்கமாகவும்தான் திரும்பும். தொட்டி அந்தப் பக்கம் இருந்தது. ராம்கியின் செல்போனில் பதிவான சத்தத்தைக் கேட்டால், ஒருவர் குறியை மாற்றி மறுபடி சுடுகிற அளவுக்கு இடைவெளி இல்லை என்பது தெரியும்.

இதை விக்னேஷ்வரன் தானே சொல்லிவிடுவார் என்று இத்தனை நாளும் பொறுத்திருந்தேன். விடை தெரிந்த பிள்ளை தானாக எழுந்து சொல்லட்டும் என்று வகுப்பில் காத்திருந்து பழகியவன் நான். ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருந்தும் அவர் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அவருடைய சட்டையை வீட்டில் துவைத்துவிட்டார்கள். திண்டு அப்படியே இருக்கிறது. அதன் வெளி ஓரத்தில் பின்கட்டை இரும்புத் தகட்டின் எண்ணெய்த் தடம் பாதி விழுந்திருக்கிறது. மீதிப் பாதி துணிக்கு வெளியே போய்விட்டது. துப்பாக்கி எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நான் இல்லை. அதை இப்போது நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறேன்.

விசாரணையின்போது அதை உறையிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும். ராம்கி அந்த அறையில் இல்லாத நேரமாக அது இருந்தால் நல்லது என்று மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். விக்னேஷ்வரனுக்குப் பாதகமாக நான் சொன்னதும் சாதகமாகச் சொன்னதும் கடவுள் அறிய ஒரே அளவு உண்மை.

(ஒப்பம்) ம. ஜேசுதாசன்
ஸ்ரீவில்லிபுத்தூர்