எழுத்தை மட்டும் பாருங்கக்கா

குனிந்து கணினி விசைகளைத் தேடித் தேடித் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். என் ஓரகத்தி அப்படித்தான் இருந்தார். என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே காப்பீட்டு அலுவலகம், ஒரே கடிதப் பிரிவு. அவர் ஒரு வரி அடிப்பதற்குள் டீ ஆறிவிடும். மேலாளர் முகம் சுளிப்பார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஐயா, நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருப்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

வீட்டுக் கணினியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். மேலிருந்து சொற்கள் விழும். தரையைத் தொடுவதற்குள் அடித்துவிட வேண்டும். தோற்றுத் தோற்று, ஒருநாள் அக்கா என்னையே மிஞ்சிவிட்டார். அவர் அதில் மூழ்கியிருக்கும்போது அவருடைய நான்கு வயது மகள் என் மடியில் தூங்கிவிடுவாள். எனக்குக் குழந்தை இல்லை. மடி சும்மாதான் கிடந்தது.

பிறகு நானே விதிகளை இறுக்கினேன். விசைகளைப் பார்க்கக் கூடாது. திரையையும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் வைத்த தாளைப் பார்த்தே அடிக்க வேண்டும். "அர்த்தத்தை யோசிச்சா வேகம் செத்துடும். எழுத்தை மட்டும் பாருங்கக்கா" என்பேன். சோதிப்பதற்காக ஒரு தாளின் நடுவே 'நான் ஒரு கழுதை' என்று எழுதி வைத்தேன். பிழையில்லாமல் அடித்துவிட்டு, "வேகம் எவ்வளவு வந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு மதிய இடைவேளையில், அலுவலகத்தில் அவர் இருக்கையிலேயே ஒரு சுற்று வைத்தேன். அவருடைய மின்னஞ்சலைத் திறந்து, பக்கத்தில் ஒரு தாளை நிறுத்தி வைத்தேன். 'என்னை மிகத் தொலைவான கிளைக்கு உடனே மாற்ற வேண்டுகிறேன், மகளை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்' என்று அதில் இருந்தது. மழை கொட்டுவதுபோல் அடித்தார். "அந்தக் கடைசி பட்டனையும் ஒரு தட்டு தட்டுங்கக்கா" என்றேன். தட்டினார். உங்கள் முகவரியைத் தவிர நான் ஓர் எழுத்தும் அடிக்கவில்லை.

மாறுதல் ஆணை வந்தபோது, தான் கேட்கவேயில்லை என்று அழுதார். ஆனால் அனுப்பிய கடிதம் அப்படியே இருந்தது. அவர் அடித்ததைச் சுற்றி நின்று ரசித்தவர்களும் இருந்தார்கள். அவர் கணவரே, "குழந்தைய விட்டுட்டுப் போக எப்படி உனக்கு மனசு வந்துச்சு?" என்று கேட்டார். நான்தான் பெட்டி கட்டிக் கொடுத்து ரயில் ஏற்றிவிட்டேன்.

அங்கே போய் யோசித்துப் பார்த்துவிட்டு உங்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இருந்திருக்காது.

ஆமாம், நான்தான் செய்தேன். பொறாமையால் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் முன்னேற வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே எனக்கு இல்லை. சீக்கிரம் முடித்தால் நல்லது, ஐயா. பள்ளி விடும் நேரம், குழந்தை வாசலில் நின்று தேடுவாள். முன்பெல்லாம் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். கொஞ்சம் பழக்கினேன். இப்போது தடுமாறாமல் அம்மா என்கிறாள்.