ரெண்டு தரம் வந்த ஓடிபி

எங்க வீட்டு கேஸு, ரேஷன், கரண்டு பில்லு அம்புட்டுக்கும் என் போன் நம்பருதான் சார். மகன் மலைக்குப் போயிட்டா டவர் கெடைக்காது, அதனால அப்பிடி. ஸ்டேஷன்ல எழுதிக் குடுன்னு சொன்னீக. பேசுற மாதிரியே டைப் அடிக்கிறேன், பொறுத்துக்கங்க.

பேத்தி சிவரஞ்சனிக்குப் பன்னெண்டு வயசுல இருந்து வலிப்பு. மாத்திரை போட்டா வராது. எங்க ஊரு சிலமலையில ஒருத்தருக்கும் தெரியாம வளத்தேன்.

போன வருசம் நர்சு ரோஜா வீடு வீடா வந்தா. நோய், மாத்திரை எல்லாத்தையும் கிளவுடுல ஏத்திட்டா எந்த ஆஸ்பத்திரியிலயும் பாக்கலாமாம். "ஏத்துறது சுலுவு தாயி, ஊரு வாயில இருந்து எறக்கிருவியா?"ன்னேன். தெருவுல பாதிப் பேரு கதவச் சாத்திட்டாக. பேத்திதான் கேக்கல.

"எங்க விழுந்தாலும் டாக்டருக்குத் தெரியணும்ல, அப்பத்தா?"

"தெரியக் கூடாதுன்னுதானடி நான் பாடுபடுறேன்."

நான் குளிக்கப் போன நேரம் என் போனை எடுத்து ஏத்திப்புட்டா.

தையில குரங்கணி அழகுராஜாவுக்குக் கட்டிக் குடுத்தோம். ஏலத்தோட்டம் உள்ள வீடு. அவ பையில இருந்த மாத்திரைய நான்தான் வெளிய எடுத்து ஒளிச்சு வச்சேன். கல்யாணம் ஆனா தன்னால சரியாப் போகும்னேன்.

மூணாம் மாசம் தோட்டத்துல விழுந்துட்டா. ஜீப்புல போட்டு வெரசாக் கொண்டாந்தாக. நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வலிப்பு நிக்கவே இல்ல. "முன்னாடி வந்திருக்கா?"ன்னு டாக்டரு கேட்டாரு. இல்லன்னேன். கம்ப்யூட்டர்ல பேரு இருக்கு, தொறக்க ஓடிபி சொல்லுங்கன்னாரு. என் போனுக்கு வந்துச்சு. ஆறு நம்பரும் தெளிவாத் தெரிஞ்சுச்சு. பக்கத்துல மாமியாக்காரி அமுதவள்ளி நிக்கிறா.

"வரலையே சார்"ன்னேன்.

இன்னொரு தரம் அனுப்புனாரு. போனை அமத்தி இடுப்புல சொருகிட்டேன்.

"செடிக்கு அடிக்கிற மருந்து ஏதும் குடிச்சாளா?"ன்னாரு.

"குடிச்சிருப்பா சார். அந்த வீட்டுல கொடுமை"ன்னேன்.

அப்பிடி ஒண்ணும் கெடையாது. அமுதவள்ளி அவளைத் தங்கமா வச்சிருந்தா. ஆனா அந்த நேரம் வேற என்ன சொல்ல? வெசத்துக்கு வைத்தியம் பாத்தாக. சாயந்தரம் புள்ள போயிட்டா.

ஒடம்புல செடி மருந்து இல்லன்னு ரிப்போர்ட்டு வந்துருச்சு, ஓடிபி வந்ததும் தெரியும்ங்குறீக. சரி, நான்தான். அமுதவள்ளியையும் மாப்ளையையும் விட்டுருங்க.

ஒண்ணு மட்டும் குறிச்சுக்கங்க. சாவுக்கு வந்த சனம் பூராவும், "நோய்நொடி அறியாத புள்ளையக் கொன்னுபுட்டாகளே"ன்னு அவுகளைத்தான் வஞ்சுச்சு. எம் பேத்திய ஒருத்தரும் ஒரு கொறை சொல்லல சார். அவளை அப்பிடிக் காப்பாத்திட்டேன்.