ட்ரையர் ரூம்ல ஒரு பெரட்டு

...சூடு காட்டுற இந்தப் பொட்டிய நம்பி இராசையாண்ணன வேலைய விட்டு நிப்பாட்டி வச்சிருக்காங்களே, இது எந்த ஊரு நியாயம் தம்பி? இல்ல இல்ல, நீங்க ரிப்பேர் பாக்க வந்தவரு, பொட்டிய கழட்டிப் பாருங்க, நான் டோர்ச்ச புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். கைதான் நிக்கும், வாய் நிக்காது.

இன்னைக்கு பத்து மணிக்கு விசாரணையாம். செவ்வாக்கெழம ஒரு ட்ரையர் தேயில பூரா தீஞ்சு போச்சுல்ல, அதுக்கு. "இராசையா தூங்கிட்டான்"னு ஃபெக்டரிய பாக்குற டீமேக்கர் ஐயா எழுதிட்டாரு. அவரு தூங்குற ஆளா? நான் பவுலினா சொல்றேன், பதினெட்டு வருசமா இந்த ரூம்ல பகல் வேல பாக்குறேன். நாலு மணிக்கு நான் போவேன், அவரு வருவாரு. ஒரு நாள் பிந்துனதில்ல. ஹாலிஎல ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் நின்ன அன்னைக்கும் நடந்து வந்தாரு, ஒத்தக் கால்ல செருப்போட! அந்த செருப்பு கத இருக்கே... அத விடுங்க.

முன்னெல்லாம் அவரு ட்ரையர் வாயில மூக்க வச்சாருன்னா சூடு கூடவா கொறையவான்னு சொல்லிப்புடுவாரு. இப்பதான் பொட்டி வந்துருச்சே! "கதவ தொறக்காத, ஸ்கிரீன மட்டும் பாரு"ன்னு ஓடர். அவரும் பாத்தாரு. அது தொண்ணூத்தஞ்சுலயே நின்னுச்சு. உள்ள தேயில கரியாப் போவுது, வெளிய தொண்ணூத்தஞ்சு!

ஒரே வயர்ல எட்டு சென்சர்தான், தெரியும் தம்பி. இதக் கொண்டாந்து பூட்டுன இஞ்சினியர் அஜந்தன் வெளங்கப்படுத்துனாரு. பெரட்டு மாதிரின்னாரு. காலையில வேலைக்கு முந்தி கங்காணி ஒவ்வொரு பேரா கூப்புடுவாருல்ல, "வந்துட்டேன்"னு சொன்னதும் அடுத்த பேரு. அப்புடி இந்தப் பொட்டி ஒவ்வொரு சென்சரா கூப்புட்டு, "சூடு என்னா?"ன்னு கேக்குமாம். அஞ்சு செக்கனுக்கு ஒரு சுத்து.

அஞ்சு செக்கன்! நெருப்பு ஏறுறது நம்ம கண்ணுக்கே தெரியுது, ஸ்கிரீன் என்னடான்னா ஆடி அசைஞ்சு வருது. எனக்கு மெதுவான ஆளுகள கண்டாலே ஆவாது. எம் மருமக ரொஷானிகிட்ட ஒரு தேத்தண்ணி கேட்டு பாருங்க... சரி, அவ கத இப்ப வேணாம்.

என்னா? செவ்வாக்கெழம மூணு அம்பதுக்கு யாரோ சுத்து நம்பர மாத்துனதா பொட்டியில இருக்கா? ஐயோ, அதையெல்லாமா எழுதி வைக்கும் இந்த சனியன்! எலி ஓடியிருக்கும் தம்பி... ஆமா, எலி ரகசிய நம்பர் அடிக்காதுதான். ஆனா ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வச்சா எலியும் அடிச்சிரும்!

என்னா சொன்னீங்க? ஒரு சென்சர் வாயத் தொறக்குறதுக்குள்ள அடுத்த பேர கூப்புட்டா, யாரு பேச்சும் வெளங்காதா? அப்ப பொட்டி கடைசியா கேட்ட நம்பரையே காட்டிக்கிட்டு நிக்குமா?

மாதாவே...

அஞ்சு செக்கனுக்கு பொட்டியில அஞ்சாயிரம்னு இருந்துச்சு தம்பி. ரெண்டு சைபர தூக்கிட்டேன். அம்புட்டுத்தான். வெரசா கூப்புட்டா வெரசா பதில் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அண்ணனுக்கும் லேசா இருக்கும்னு. அவருகிட்ட சொல்லக்கூட இல்ல, பசறை பஸ்ஸ புடிக்கிற அவசரம்.

நேத்து அவரு லயத்து வீட்டுக்குப் போயி பாத்தேன். மூணு நாளா அப்புடியே ஒக்காந்திருக்காரு. "ஒருவேள கண்ண மூடிட்டேனோ பவுலினா?"ன்னு எங்கிட்ட கேக்குறாரு. அவருக்கே சந்தேகம் வந்துருச்சு தம்பி! குடுத்த தேத்தண்ணிய குடிச்சிட்டு வந்துட்டேன்.

அந்தா டீமேக்கர் ஐயா வாராரு. தம்பி, நீங்க சொல்லிறாதீங்க... நானே சொல்றேன். பெரட்டுல கங்காணி பேர கூப்புடுறதுக்கு முன்னயே "வந்துட்டேன்"னு கத்துற ஆளு நான். இந்தாங்க, டோர்ச்ச புடிங்க.

ஐயா! ஐயா, இராசையாண்ணன வரச் சொல்லுங்க. அவரு தூங்கல. நம்பர மாத்துனது நான்தான், பவுலினா!

...தம்பி, திரும்ப அஞ்சாயிரமே போட்டுட்டீங்களா? ஒரு நாலாயிரம்... இல்ல, இல்ல. சும்மாதான் கேட்டேன்.