கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்

பயணத்துக்கு முந்தைய வாரம் என் அக்காவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனது நான்தான். பழைய கண்ணாடி முழுக்கக் கீறல். புதிதாக ஒன்று எழுதி வாங்கி, கடையிலேயே உட்கார்ந்து, காதில் உரசாதபடி திரும்பத் திரும்பச் சரிசெய்யச் சொல்லி மாட்டிவிட்டேன். கையோடு பக்கத்துக் கடையில் செருப்பும் வாங்கினோம். தட்டையான ரப்பர் அடி, பின்பக்கம் வார் வைத்தது. அக்காவுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. "நர்ஸ் போடுற மாதிரி இருக்குடா" என்றாள். வழுக்காது, அதுதான் முக்கியம் என்றேன். தம்பி தன்னை இப்படித் தாங்குகிறான் என்று வீடு வந்து சேரும்வரை அத்தானிடம் போனில் பெருமையடித்துக்கொண்டே வந்தாள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா மகள் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்திருக்கும் புகாரில், அவள் அம்மா மேல் எனக்கு அக்கறையே கிடையாது என்று சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் சொன்னது, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அக்கறை இல்லாதவன் செருப்பின் வார் வரைக்கும் பார்க்கமாட்டான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்தில் வழுக்கி விழுந்தவர்கள், எஸ்கலேட்டரில் கால் மாட்டிக்கொண்டவர்கள், கண்ணாடிக் கதவில் மூக்கை உடைத்துக்கொண்டவர்கள், இவர்களுக்காக இழப்பீட்டு வழக்கு நடத்துகிற வக்கீல். நீதிமன்றத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் என்னை 'வழுக்கல்' என்று கூப்பிடுவார்கள். நான் உள்ளே நுழைந்தால் ஒருவர் தரையைத் தொட்டுப் பார்ப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். எத்தனையோ வருஷமாக அதே ஜோக்.

சிரிப்பை விடுங்கள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். இந்த ஊரில் விழுகிறவர்களுக்கு ஒழுங்காக விழத் தெரியவில்லை. ஒருவர் விழுந்தார், கையில் போன். ஒரு பெண் விழுந்தாள், குதிகால் செருப்பு ஜாண் உயரம். இன்னொரு ஆள் நியாயமாக, ஈரத்தரையில், எந்த எச்சரிக்கைப் பலகையும் இல்லாத இடத்தில் விழுந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேமராப் பதிவை வாங்கிப் பார்த்தால், விழுவதற்குச் சற்று முன்பு மகனோடு ஓட்டப்பந்தயம் வைத்திருக்கிறார். இவர்களை வைத்துக்கொண்டு நான் எந்த வழக்கை ஜெயிப்பது?

எதிர்த்தரப்பில் விமான நிலையத்தின் இழப்பீட்டு அதிகாரி ஒரு அம்மா. நான் அவருக்கு வைத்த பெயர் 'கவனம் அம்மா'. எந்த மனுவுக்குப் பதில் எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: பயணி கவனமாக இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கூரையே இடிந்து விழுந்தாலும் அண்ணாந்து பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று எழுதக்கூடியவர். குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு தையல்காரர் என்னிடம் வந்தார். ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் நீளமான கூடத்தில் நகரும் நடைபாதை ஒன்று இருக்கிறதல்லவா, அதன் முடிவில் விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனவர். துணி வெட்டுகிற கை. கத்தரிக்கோலைப் பிடித்தால் விரல் மடங்கவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். "கைப்பிடியப் பிடிச்சிக்கிட்டு நின்னேன் சார். கை முன்னாடி போச்சு, கால் பின்னாடியே நின்னுச்சு" என்றார். குடித்திருந்தாரோ என்றுகூட நினைத்தேன்.

நானே போய்ப் பார்த்தேன். ஏறி, கைப்பிடியில் கையை வைத்து அசையாமல் நின்றேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கைப்பிடி ரப்பர், காலடியில் ஓடும் பட்டையைவிட வேகமாக ஓடியது. கொஞ்சம்தான். பாதி தூரத்தில் தோள் முன்னால் சாய்ந்துவிட்டது. முடிவில் பட்டை நின்று இரும்புத் தகடு வரும் இடத்தில் உடம்பு குப்புறப் போகப் பார்த்தது. கையை எடுத்துக்கொண்டதால் தப்பினேன். பிறகு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். போனில் பேசிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் போகிற விடலைகள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சுவரில் 'கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்' என்று பெரிதாக எழுதியிருப்பதை மதித்து, இறுகப் பிடித்துக்கொண்டு வருகிற வயதானவர்கள்தான் முடிவில் தள்ளாடினார்கள். அங்கே கவனமாக இருப்பவர்கள்தான் விழுவார்கள். கவனம் அம்மாவுக்கு இதைவிட நல்ல பதில் எனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது.

வழக்கு போட்டேன். நீதிமன்றம் ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் ஒரு கையில் அட்டையும் மறு கையில் பேனாவுமாக நடைபாதையில் போய்த் திரும்பி வந்து, குறை எதுவும் தென்படவில்லை என்று சொல்லிவிட்டார். ஐயா, கைப்பிடியைத் தொடுங்கள் என்றேன். அவருடைய வேலையில் நான் தலையிடுவதாக அதையும் எழுதிக்கொண்டார். என் கையையே வைத்து வீடியோ எடுத்துக் கொடுத்தேன். வக்கீல் வேண்டுமென்றே எடுத்தது, ஏற்க முடியாது என்றார்கள். தையல்காரர் இன்னொரு கையில் பை வைத்திருந்தார், அதனால் நிலைதடுமாறினார் என்று சொல்லித் தள்ளுபடி செய்தார்கள்.

மேல்முறையீட்டில் நீதிபதி என்னை இரக்கத்தோடுதான் பார்த்தார். "வக்கீல் சார், எல்லாக் கவனத்தோடயும் போயும் விழுந்தாருன்னு ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. அப்பறம் பேசலாம்" என்றார்.

காட்டினேன்.

தையல்காரர் வாரம் தவறாமல் என் அலுவலகத்துக்கு வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதுவும் கேட்கமாட்டார். மடங்காத விரல்களை இடது கையால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனிதருக்கு நியாயம் வாங்கிக்கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த எரிச்சலில்தான் நான் மனிதர்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பேருந்தில், கடையில், எதிரே யார் வந்தாலும் முதலில் செருப்பைப் பார்ப்பேன். பிறகு கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு கண்ணாடி, நடை. எல்லாரிடமும் ஒரு சொத்தை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அக்கா. அவள் எந்தப் படியில் இறங்கினாலும் கைப்பிடியை விடமாட்டாள். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பார்ப்பாள். என் கை வியர்த்துப்போகும், விடமாட்டாள். குடி கிடையாது, மயக்கம் கிடையாது, போனைப் பையிலிருந்து எடுக்கவே பயப்படுவாள். மகளைப் பார்க்க விமானத்தில் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். படியில் நின்று அவள் கையையே பார்த்தேன். "என்னடா பேய் மாதிரி நிக்கிற?" என்றாள்.

என் சொந்த அக்கா என்பது எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கொடுக்கும் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் வேறு யாரைக் கேட்பது? முன்பின் தெரியாதவர்களைக் கீழே தள்ள நான் என்ன ரௌடியா?

ஏற்பாடுகள் எல்லாம் நான்தான் செய்தேன். டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி, வீல்சேர் வேண்டும் என்று மகள் பதிவு செய்து வைத்திருந்தாள். அதை ரத்து செய்ததும் நான்தான். புகாரில் அவள் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். அவளுக்குப் புரியவில்லை. வீல்சேரில் போகிறவள் விழவே மாட்டாள், விழுந்தாலும் நடக்க முடியாதவள் என்று சொல்லிவிடுவார்கள். பெட்டிகளோடு அத்தானை டாக்சியில் முன்னால் அனுப்பினேன். அக்காவை ரயிலில் வரச் சொன்னேன், போக்குவரத்து நெரிசலில் மாட்டாமல் வந்துவிடலாம் என்று. ரயில் பெட்டிவரை அண்டை வீட்டுப் பெண் கூட வந்து ஏற்றிவிட்டாள். கைப்பையைக்கூடத் தோளில் குறுக்காக மாட்டிவிடச் சொல்லியிருந்தேன். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். நான் நடைபாதையின் மறுமுனையில் காத்திருப்பதாகச் சொன்னேன். காத்திருக்கவும் செய்தேன்.

மணிக்கட்டுதான் போகும் என்று நினைத்தேன். தையல்காரருக்கு மணிக்கட்டு, அதற்கு முன்பு விழுந்த ஒரு வாத்தியாருக்கும் மணிக்கட்டு. கட்டுப் போட்டால் சரியாகிவிடும், அக்கா என்ன துணியா வெட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குப்புற விழுந்து, நெற்றி இரும்புத் தகட்டில் மோதியது என் கணக்கில் இல்லாதது. கண்ணாடி உடையவில்லை. நல்ல கண்ணாடி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கவனம் அம்மா தன் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார். தரையில் மண்டியிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரத்தம் வழியும் முகத்தோடு என் அக்கா அவரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்கம்மா, உங்களுக்கெல்லாம் சிரமம். நான்தான் பாத்து வரல, தப்பு என் மேலதான்" என்றாள். பக்கத்தில் நின்ற காவலாளி அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு விழுதல் அந்த இடத்தில் நடந்ததே இல்லை. அதை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டாள்.

மருத்துவமனையில் அவளிடம் மன்றாடினேன். "அக்கா, கைப்பிடியப் பிடிச்சிருந்தேன், அதுதான் இழுத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றேன். அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினாள். "அது இழுக்கும்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டாள். நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள். பிறகு தூங்கினாள். தலைக்குள் இரத்தம் கசிந்திருந்ததாகக் காலையில் மருத்துவர் சொன்னார். அக்கா எழுந்திருக்கவில்லை.

நான் அழுதேன். அத்தானைக் கேளுங்கள், சொல்லுவார்.

அக்கா வருவதையும் விழுவதையும் மறுமுனையில் நின்று என் போனில் எடுத்திருந்தேன்; அந்த வீடியோவை நானேதான் நீதிமன்றத்தில் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று என் எதிரே உட்கார்ந்திருக்கமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'தப்பு என் மேல்தான்' என்ற அந்தப் பொய் காகிதத்தில் இருக்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பது? கவனம் அம்மா அதை ஒரே ஒருமுறைதான் பார்த்தாராம். பிறகு, விழுந்த அம்மாவை விட்டுவிட்டு, எடுத்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். விழுவார் என்று தெரியாதவர், முதலில் செருப்பை, பிறகு காலியான இடது கையை, பிறகு கைப்பிடியில் இருக்கும் வலது கையை, கடைசியில் முகத்தை ஏன் வரிசையாக எடுக்க வேண்டும் என்று. மனுவில் நாங்கள் எழுதுகிற வரிசை அதுதான். பழக்கதோஷம்.

அந்த வீடியோவில் குரலும் இருக்கிறது. ஒலியை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் வெட்டி ஒட்டிய ஆதாரத்தை நான் இதுவரை எந்த நீதிமன்றத்திலும் கொடுத்ததில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாதி தூரம் வந்ததும் அக்கா என்னைப் பார்த்துவிடுகிறாள். முகமெல்லாம் சிரிப்பு. கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுகிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. அப்படியே வந்திருந்தால் பத்திரமாக இறங்கியிருப்பாள், சந்தேகமே இல்லை. "அக்கா, கைய எடுக்காத. பிடிச்சுக்கோ" என்று நான்தான் சொல்கிறேன். அவள் உடனே பிடித்துக்கொள்கிறாள்.

ஆமாம், கைப்பிடி என்ன செய்யும் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நடைபாதையை நிறுத்திப் பழுதுபார்த்துவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு போகலாம். இதற்காகத்தானே இத்தனை பாடு. தையல்காரர் வந்தார், சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். "என் காகிதத்தையெல்லாம் குடுத்துருங்க சார். எனக்குக் கேஸ் வேணாம்" என்று இடது கையால் வாங்கிக்கொண்டு, உட்காராமலேயே போய்விட்டார். நன்றியை நான் யாரிடமும் எதிர்பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் முன்யோசனையோடு செய்தவன், ஒன்றே ஒன்றில் கோட்டைவிட்டேன். தப்பு யார் மேல் என்பதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும்.