சூடத்தை அணைத்த கை

மேடையில் வீற்றிருக்கும் அதிகாரிகளே, சங்கத் தோழர்களே, வண்டியை நிறுத்திவிட்டு காக்கிச் சட்டையோடு ஓடிவந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் பெருமக்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் ஜேசுராஜ் அவர்களின் துணைவியார், எங்கள் சகோதரி சான்ட்ரா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நான் வேம்பு. இந்தப் பணிமனையின் மூத்த மெக்கானிக், சங்கத்தின் கிளைச் செயலாளர்.

நம் உதவிப் பொறியாளர் ஜேசுராஜ் அவர்கள் மறைந்துவிட்டார். காவிரிக் கரையில் பிறந்த மனிதர், யாரையும் தெரியாத ஒரு மலையடிவாரப் பணிமனையில், வாடகை அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாகச் செத்துப்போனார். அவர் ஏன் அங்கே இருந்தார்? யார் அனுப்பியது? எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் இதைச் சொல்லவில்லை. நேர்மையாளர் என்றார்கள், பண்பாளர் என்றார்கள்.

தோழர்களே! டீசல் பேருந்துகளை எரிவாயுவுக்கு மாற்றப்போகிறோம் என்று மேலிடம் அறிவித்தபோது முதலில் மகிழ்ந்தவர் ஜேசுராஜ். "நல்ல வண்டி வேம்பு. டவுனுக்குள்ள ஓட்டுனா புகை இருக்காது, செலவும் கம்மி. ஆனா கேஸ் ரொப்ப எடமில்லாத ரூட்டுக்கு டீசலே இருக்கட்டும். மொதல்ல பங்க்கைக் கட்டட்டும், நம்மாளுக்குப் பயிற்சி குடுக்கட்டும், அப்பறம் வண்டியை மாத்தட்டும்" என்றார். எரிவாயு எடுக்க வயலில் குழாய் இறக்கக் கூடாது என்று ஊரே போராடும்போது கேஸ் பஸ்ஸுக்கு வக்காலத்தா என்று நாமே அவரைக் கிண்டல் செய்தோம். "வயலைத் தோண்டச் சொன்னனா? நம்ம வைக்கோல்லயும் சாணியிலயும் எடுக்கலாம்யா" என்று சிரித்தார்.

யார் கேட்டார்கள்? நிரப்ப இடமே இல்லாத தரங்கம்பாடி வழித்தடத்துக்குத்தான் முதல் எரிவாயு வண்டியை ஒதுக்கினார்கள். பத்திரிகைக்குக் கொடுக்கும் புகைப்படத்தில் கடல் வருமாம்! ஒரு பொறியாளரின் யோசனையைத் தூக்கிப்போட இப்படி ஒரு காரணமா? சீ!

வண்டிகள் வந்த நாளிலிருந்து ஜேசுராஜ் தினமும் விடியலில் ஒரு குவளைச் சோப்பு நுரையும் பிரஷ்ஷுமாக வருவார். எரிவாயுக் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் நுரையைத் தடவுவார். கசிவு இருந்தால் அங்கே குமிழி கிளம்பும். "சார் பஸ்ஸுக்கு ஷேவிங் பண்றாரு டோய்" என்று ஷெட்டே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் ஓர் இணைப்பையும் விடமாட்டார்.

தொடக்க விழா நாளுக்கு வருகிறேன். அன்று மட்டும் சோதனைக்கு முன்பே வண்டிகள் பந்தலுக்கு முன்னால் மாலையோடு நின்றன. ஜேசுராஜ், இதோ மேடையில் இருக்கும் நம் மேலாளரிடம் போய், "பத்து நிமிஷம் குடுங்க சார், சோப்பு போட்டுப் பாத்துட்டு விட்டுடறேன்" என்று கெஞ்சினார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துட்டான்யா, ராகுகாலம் வந்துடும்" என்று பதில் வந்தது. பூசணிக்காயின் மேல் சூடத்தைக் கொளுத்தி, திருஷ்டி சுற்ற ஒருவர் வண்டியை நெருங்கினார். உள்ளே ஓட்டுநர் யூனுஸ் உட்கார்ந்திருந்தார். வண்டி நிறைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியசைத்துக்கொண்டிருந்தார்கள். எரிவாயு நாற்றம் ஜேசுராஜ் மூக்கில் பட்டது. சத்தம் போட நேரமில்லை. பாய்ந்துபோய், எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தோல் வெந்த வாடையை நான் முகர்ந்தேன். பிள்ளைகளை இறக்கச் சொல்லிவிட்டு, அதே கையால் பிரஷ்ஷை எடுத்துக் குழாயில் நுரையைத் தடவினார். குமிழி எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியது. நான் பார்த்தேன். யூனுஸ் பார்த்தார். மேலாளரும் பார்த்தார்!

அந்தக் கைக்கு மருந்து போட்டார்களா? மெமோ கொடுத்தார்கள். 'பூஜையையும் விழா மரபையும் அவமதித்தார்' என்று குற்றச்சாட்டு. "வேதக்காரருல்ல, அதான் சூடம் கண்ணை உறுத்துது" என்று ஓர் அதிகாரி காதோடு காதாகப் பரப்பினார். அடப்பாவிகளா! ஆயுத பூஜைக்கு ஆண்டுதோறும் பொரி மூட்டையைத் தன் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். நான் வருடம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவன். நான் சொல்கிறேன், அந்தச் சூடம் அணைந்ததில் எங்கள் அம்மனுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் கசிவை ஊரறியக் காட்டிவிட்டாரே என்று உங்களுக்குத்தான்.

விசாரணையிலாவது கேட்டார்களா? யூனுஸ் சாட்சி சொல்லப் போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஜேசுராஜ் வாய் திறந்தபோதெல்லாம் "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று அடக்கினார்கள். கசிவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மலையடிவாரத்துக்குத் தூக்கியடித்தார்கள். அவர் போன பிறகு இங்கே சோதனையும் நின்றுபோனது. இன்றும் அந்த வண்டிகள் அப்படியேதான் புறப்படுகின்றன. தாராசுரத்தில் பூ விற்கும் பெண்கள் ஏறுகிறார்கள், திருவாரூரில் படிக்கும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். மேடையில் இருப்பவர்களின் பிள்ளைகள் காரில் போகிறார்கள். இதைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சகோதரி சான்ட்ரா இன்று காலை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணே, சாமியை அவமதிச்சவர்னு ஃபைல்ல எழுதி வச்சிருக்காங்களே, அது அப்படியே இருந்துடுமா? எம்புள்ளைங்க நாளைக்கு அதைப் படிக்கணுமா?"

இருக்க விடமாட்டோம் தாயே! உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். நாளை விடியலிலிருந்து ஒவ்வோர் எரிவாயு வண்டியையும் நாங்கள் சோதிப்போம். சோதனை முடியாத வண்டியை எடுக்கமாட்டேன் என்று இங்கே உள்ள ஒவ்வோர் ஓட்டுநரும் சொல்லியிருக்கிறார். மெமோ வரட்டும், வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்து மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. ஜேசுராஜைப் பேசவிடாமல் செய்தவர்களோடு சேர்ந்து நான் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன். மேலாளர் அவர்களே, அன்று குமிழியைப் பார்த்தீர்கள். பார்த்ததை அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அதன்பிறகு அஞ்சலி செலுத்துவோம்.

மைக்கை விட்டு நான் நகர்ந்துகொள்கிறேன். வாங்க சார்.