எந்திரிக்காமல் ஒரு வாய்ச் சோறு

பரோட்டாவைக் கடையில் வாங்கிக்கொண்டு சால்னாவை மட்டும் வீட்டில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டையும் வீட்டில் செய்யப் போனால் இரண்டுமே கெட்டுப்போகும். அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே சால்னா வைத்தேன், சார். என் மனைவி சிவரஞ்சனியை அடுப்படிப் பக்கமே விடவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் நாலு வருஷம் அம்மா படுக்கையில்தான் இருந்தாள். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். அந்தக் கையில் ஒரு பூஜை மணியைக் கொடுத்திருந்தோம். கொசு கடித்தாலும் மணி, ஃபேன் வேகமாகச் சுற்றினாலும் மணி. சில நேரம் தொண்டையில் சளி அடைத்துக்கொள்ளும். ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்ட வேண்டும். எதற்காக ஆட்டுகிறாள் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். பகலெல்லாம் அம்மாவைப் பார்த்தது சிவரஞ்சனிதான். தளவாய்புரத்தில் இருக்கும் தங்கச்சி வரமாட்டாள். வேலைக்கு வைத்த இரண்டு பெண்களும் நிற்கவில்லை. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சிவரஞ்சனி பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தினாள். "எந்திரிக்காம ஒரு வாய்ச் சோறு திங்க முடியுதா இந்த வீட்டுல? திங்கக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீய."

சண்டை போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அமைதியாகச் சொன்னாள். எனக்கு அவள் இல்லாமல் முடியாது, சார். அதை வாயால் சொல்லத் தெரியாததால்தான் ஒரு சாப்பாடாகச் செய்து காட்ட நினைத்தேன்.

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நடுவில் மெழுகுவத்தி.

"கரண்டு இருக்கும்போது மெழுகுவத்தி எதுக்கு? கோட்டி பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அதற்கு முன்பே அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன். மணியை அடுப்படிக்கு எடுத்துப்போய், அதன் நாக்கில் பேண்டேஜ் துணியை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். மணியையே ஒளித்திருக்கலாம். ஆனால் கையில் மணி இல்லாவிட்டால் அம்மா பயந்துவிடுவாள். திரும்பக் கொண்டுவந்து விரல்களுக்குள் வைத்து, "செத்த நேரம் தூங்கும்மா" என்றேன். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரைதான். ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் அந்த அளவு கேட்கலாம்.

சிவரஞ்சனி மூன்று பரோட்டா சாப்பிட்டாள். "அத்தை இன்னைக்கு நிம்மதியாத் தூங்குதாக போல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஊருக்குப் போறதத் தள்ளிப் போடவா?" என்றும் கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பால்கோவா எடுக்க எழுந்தேன். ஃபிரிட்ஜ் அம்மாவின் அறையை ஒட்டி இருக்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அம்மாவின் முகம் நீலம் பாய்ந்திருந்தது. மணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஓடியிருந்தால் சிவரஞ்சனியும் கையை உதறிவிட்டு ஓடிவந்திருப்பாள். மறுநாள் போயும் இருப்பாள்.

என்னைப் பார்த்ததும் அம்மா மணி ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை வந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பால்கோவாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.